ஆர்சி ஹெலிகாப்டரில் உயரம் ஏன் நிற்பதில்லை?

டெல்டா பக்கம் ஆர்சி (ரிமோட்டில் இயக்கும்) ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் ஆர்டுபைலட் என்ற ஆட்டோபைலட் மென்பொருளுக்கு மாறியதும் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "ஸ்டெபிலைஸ் மோடில் அருமையாக நிற்கிறது. ஆல்ட் ஹோல்ட் சுவிட்சைப் போட்டதும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. எந்த கெயினைக் குறைக்க வேண்டும்?"

ஸ்டெபிலைஸ் மோடில் ஆர்டுபைலட் சாய்வை மட்டும் சரிசெய்யும், உயரம் நம் கையில். ஆல்ட் ஹோல்டில் உயரத்தையும் அதுவே பிடிக்கும். பிழையை எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்தான் கெயின். பெரும்பாலும் எந்த கெயினையும் தொட வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் உயரத்தைப் பிடிக்காமல் போவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. அதிர்வு, நிலையில்லாத ஹெட் ஸ்பீட் (ரோட்டார் சுற்றும் வேகம்), பாரோமீட்டர் மேல் படும் காற்று. இந்த மூன்றையும் இதே வரிசையில் சரிசெய்துவிட்டால், மென்பொருளோடு வரும் இயல்பு மதிப்புகளிலேயே வண்டி நிற்கும். வரிசையை மாற்றினால் ஒன்றின் கோளாறை இன்னொன்றின் எண்ணை மாற்றி மறைத்துக்கொண்டிருப்போம். காற்று சற்று மாறிய நாளில் அது வெளியே வந்துவிடும்.

கணக்குகளுக்கு ஒரு நடுத்தர வண்டியை வைத்துக்கொள்வோம். 600 வகுப்பு, 600 மி.மீ. பிளேடு, ரோட்டார் விட்டம் 1.35 மீட்டர், பறக்கும் எடை 4.5 கிலோ, 6 செல் பேட்டரி, ஹெட் ஸ்பீட் நிமிடத்துக்கு 1600 சுற்று. ஃப்ளைபார் என்ற நிலைப்படுத்தும் கம்பி இல்லாத ஹெட் (ரோட்டாரின் தலைப்பகுதி). 3டி சாகசத்துக்கான வேகம் இதைவிட அதிகம். ஆட்டோபைலட்டோடு நிதானமாகப் பறக்க 1600 நன்றாகவே போதும், பேட்டரியும் தாங்கும்.

கண்ட்ரோலர் என்ன செய்கிறது

குவாட்காப்டரில் ஏற வேண்டுமென்றால் மோட்டார் வேகம் கூடும். ஹெலிகாப்டரில் ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடின் கோணம் மட்டும் மாறும். அந்தக் கோணம்தான் கலெக்டிவ். ஆல்ட் ஹோல்டில் நம் இடது குச்சி கலெக்டிவை நேரடியாக நகர்த்துவதில்லை. நடுவில் இருந்தால் "இதே உயரத்தில் நில்" என்று பொருள். மேலே தள்ளினால் "இந்த வேகத்தில் ஏறு" என்று பொருள்.

ஆர்டுபைலட் ஓடும் சிறு கணினிதான் கண்ட்ரோலர். அதன் உள்ளே கணக்கு படிப்படியாக நடக்கிறது. இருக்க வேண்டிய உயரத்துக்கும் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறும் வேகமாகிறது. முதல் கெயின் 1 என்றால், ஒரு மீட்டர் கீழே இருக்கும் வண்டியை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறச் சொல்கிறது. அந்த வேகத்தை எட்ட எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்பது அடுத்த படி. அந்த முடுக்கத்துக்கு எவ்வளவு கலெக்டிவ் என்பது கடைசிப் படி.

இதெல்லாம் சரியாக நடக்க, வண்டி தன் உயரத்தைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாரோமீட்டர் காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்கிறது. அது சற்று அலைபாயும், ஆனால் நீண்ட நேரத்துக்கு நம்பலாம். ஆக்சிலரோமீட்டர் உடனுக்குடன் சொல்கிறது. ஆனால் அதன் சிறு பிழைகூட வேகமாகவும், பிறகு உயரமாகவும் கூட்டப்பட்டுப் பெருகிவிடும். இரண்டையும் கலந்து ஒரு மதிப்பீட்டை உண்டாக்குவதுதான் கண்ட்ரோலரின் வேலை. அதிர்வு கெடுப்பது ஆக்சிலரோமீட்டரை. காற்று கெடுப்பது பாரோமீட்டரை.

அதிர்வு

சுவிட்சைப் போட்டதும் வண்டி நிற்காமல் மேலே ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதிர்வைத்தான். பலத்த அதிர்வில் ஆக்சிலரோமீட்டரின் சராசரி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. வண்டி நின்றிருக்கும்போதே "விழுந்துகொண்டிருக்கிறோம்" என்று கண்ட்ரோலர் நம்புகிறது. உடனே கலெக்டிவைக் கூட்டுகிறது. ஸ்டெபிலைஸ் மோடில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே கலெக்டிவ் நம் கையில் இருக்கிறது.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு. நிமிடத்துக்கு 1600 சுற்று என்றால் விநாடிக்கு 26.7. பிளேடின் வெளிப்பகுதியில், மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 17 நியூட்டன் விசையோடு மாஸ்ட்டை (ரோட்டாரின் நடுத் தண்டை) இழுக்கும். அதாவது 1.7 கிலோ எடை, ஒவ்வொரு சுற்றிலும், 4.5 கிலோ வண்டியை. ஒரு துண்டு டேப் எவ்வளவு செய்யும் என்பது இதிலிருந்து புரியும்.

பேலன்ஸ் செய்யும்போது எடையை மட்டும் பார்ப்பவர்கள் பலர். முதலில் இரண்டு பிளேடின் ஈர்ப்பு மையமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்கேலின் விளிம்பில் பிளேடைக் குறுக்கே வைத்து, சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டாவது பிளேடிலும் அப்படியே. பிளேடு போல்ட் துளையிலிருந்து அந்தக் கோடுகள் ஒரே தூரத்தில் வராவிட்டால், கோடு உள்ளே தள்ளியிருக்கும் பிளேடின் நுனிப் பக்கம் டேப் ஒட்டிச் சமன் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் நகைத் தராசு. எடை குறைந்த பிளேடில், ஈர்ப்பு மையக் கோட்டின் மேலேயே டேப்பைச் சுற்ற வேண்டும். அங்கே ஒட்டினால் மையம் நகராது. வித்தியாசம் 0.2 கிராமுக்குள் வந்தால் போதும்.

அடுத்து டிராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்ப்பது. ஒரு பிளேடு நுனியில் சிவப்பு டேப், மற்றதில் மஞ்சள் டேப். ரோட்டாரை ஓடவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். சிவப்பு மேலே ஓடினால் அந்தப் பிளேடின் லிங்க்கை (கோணத்தை மாற்றும் கம்பியை) அரைச் சுற்று குறையுங்கள். லிங்க்கின் குண்டு மூட்டில் இறுக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

கீழே விழுந்து எழுந்த வண்டி என்றால் ஸ்பிண்டிலை (இரண்டு பிளேடு பிடிகளையும் இணைக்கும் தண்டை) கழற்றி, கண்ணாடித் தட்டின் மேல் விரலால் உருட்டுங்கள். விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தால், வளைந்த ஸ்பிண்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறையும். நேரான ஸ்பிண்டிலில் அது வராது. மெயின் ஷாஃப்டுக்கும் இதே சோதனை. வளைந்ததைத் தட்டி நிமிர்த்திப் போடாதீர்கள். புதிது போடுங்கள்.

இவ்வளவும் சரி, இன்னும் அதிர்வு இருக்கிறது என்றால் எங்கே என்று தேட ஒரு முறை இருக்கிறது. மெயின் பிளேடு, டெயில் பிளேடு இரண்டையும் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டி லாக் (கண்ட்ரோலர் தானே எழுதிவைக்கும் பதிவு) எடுங்கள். அதிர்வு அப்போதே அதிகமென்றால் மோட்டார், கியர், பேரிங், டார்க் டியூப் (டெயிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) இவற்றில் ஒன்று. அமைதியாக இருந்தால் டெயில் பிளேடை மட்டும் மாட்டி மறுபடி ஓட்டுங்கள். பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி டெயில்தான். டெயில் ரோட்டார் மெயினைப்போல் நாலரை மடங்கு வேகத்தில் சுற்றும். 120 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் மெல்லிய அதிர்வு கைக்குத் தெரியாது, லாக்கில் தெரியும்.

லாக்கில் மூன்று அச்சுகளிலும் அதிர்வு எண் 30 மீட்டர்/வி²-க்குக் கீழே இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஆல்ட் ஹோல்ட் பக்கமே போகாதீர்கள். 15-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நிம்மதி. கிளிப்பிங் எண்ணிக்கை (அதிர்வு ஆக்சிலரோமீட்டரின் அளவெல்லையை மீறிய தடவைகள்) பறக்கும்போது பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

கண்ட்ரோலரை ஒட்டும் முறைக்கு இவ்வளவு பிறகு வருவதற்குக் காரணம் உண்டு. வண்டியே உதறும்போது கண்ட்ரோலருக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்சைப் போட்டால், 26 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வில் அந்த ஸ்பாஞ்சே கூடச் சேர்ந்து ஆடி நிலைமையை மோசமாக்கும். முதலில் வண்டியை அமைதிப்படுத்துங்கள். பிறகு கண்ட்ரோலரின் நான்கு மூலைகளிலும் ஒன்றரை செ.மீ. சதுர ஜெல் துண்டுகள், 3 மி.மீ. தடிமன், போதும். சர்வோக்களின் (பிளேடு கோணத்தை நகர்த்தும் சிறு மோட்டார்கள்) வயர்கள் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தால் ஜெல் போட்டும் பயனில்லை. அதிர்வு வயர் வழியாக வந்துவிடும். கண்ட்ரோலருக்கு முன்னால் ஒரு வளையம் விட்டு, அந்த வளையத்துக்குப் பின்னால் ஃப்ரேமில் கட்டுங்கள்.

இன்னொன்று. நாட்ச் ஃபில்ட்டர் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் வசதி) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆர்டுபைலட்டின் ஹார்மோனிக் நாட்ச், சுழற்சியை அளக்கும் கைரோவுக்கு வேலை செய்கிறது. சாய்வுக் கட்டுப்பாடு மென்மையாகும், சர்வோ சூடு குறையும், கட்டாயம் போடுங்கள். ஆனால் ஆக்சிலரோமீட்டருக்கு அது உதவாது. உயரம் ஏறிப்போகும் நோய்க்கு அது மருந்தாகாது.

ஹெட் ஸ்பீட்

வண்டி மெதுவாக மேலும் கீழும் ஊசலாடுகிறது, இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை. கெயின் அதிகம் என்று எல்லோரும் முடிவு கட்டுவது இங்கேதான். முதலில் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) லாக்கைப் பாருங்கள்.

தூக்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 5 சதவீதம் குறைந்தால் விசை ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கண்ட்ரோலர் ஏற விரும்பிக் கலெக்டிவைக் கூட்டுகிறது, பிளேடுக்குச் சுமை கூடி வேகம் விழுகிறது, எதிர்பார்த்த ஏற்றம் கிடைக்கவில்லை, இன்னும் கூட்டுகிறது. அதற்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி தாமதமாக வேகத்தை மீட்கிறது. இப்போது ஏற்றம் அதிகம். இந்தத் தாமதம்தான் ஊசலாட்டம்.

தீர்வு நல்ல கவர்னர், அதாவது சுமை மாறினாலும் சுற்று வேகத்தை மாறாமல் பிடிக்கும் வசதி. இஎஸ்சியிலேயே கவர்னர் இருந்தால், ஆர்டுபைலட்டின் ரோட்டார் வேகக் கட்டுப்பாட்டை நிலையான செட்பாயிண்ட் முறையில் வைத்து, வேகத்தைப் பிடிக்கும் வேலையை இஎஸ்சியிடம் விட்டுவிடுங்கள். பினியனை (மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரத்தை) இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்: 1600 சுற்று, இஎஸ்சியின் திறப்பில் 70 முதல் 75 சதவீதத்தில் கிடைக்க வேண்டும். 95 சதவீதத்தில் கிடைக்கிறதென்றால், 25.2 வோல்ட்டில் தொடங்கிய பேட்டரி 21.6-க்கு வரும்போது கவர்னருக்குக் கொடுக்க எதுவும் மிச்சமிருக்காது. "முதல் ஐந்து நிமிடம் நன்றாக நின்றது, பிறகு இறங்க ஆரம்பித்தது" என்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

டெல்டா கோடையை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. 40 டிகிரியில் 1.13 அளவுக்கு வந்துவிடும். எட்டு சதவீதம் போய்விட்டது. மார்கழிக் காலையில் அளந்துவைத்த கலெக்டிவ் சித்திரை மதியத்துக்குப் போதாது. பினியன் கணக்கில் இந்த இடைவெளியை விட்டுவையுங்கள்.

ராம்ப் நேரம், ரன்-அப் நேரம் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது மோட்டாரின் திறப்பு மெல்லக் கூடும் நேரம், இரண்டாவது ரோட்டார் முழு வேகம் எட்டக் கண்ட்ரோலர் காத்திருக்கும் நேரம். ரன்-அப் நேரம் ராம்ப் நேரத்தைவிட ஒரு விநாடியாவது அதிகமாக இருக்க வேண்டும். இஎஸ்சியின் சாஃப்ட் ஸ்டார்ட் 15 விநாடி எடுத்துக்கொள்கிறது என்றால் ரன்-அப் அதையும் தாண்ட வேண்டும். இல்லையென்றால் ரோட்டார் முழு வேகம் எட்டும் முன்பே கண்ட்ரோலர் "பறக்கத் தயார்" என்று எண்ணிக்கொள்ளும்.

கலெக்டிவ் அமைப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வோ ஆர்ம்கள் நடு நிலையில் லிங்க்குக்கு 90 டிகிரி. ஸ்வாஷ்பிளேட் (சர்வோ அசைவைப் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) மட்டமாக. பிட்ச் கேஜ் (பிளேடு கோணமானி) வைத்துக் கீழே மைனஸ் 3, மேலே பிளஸ் 11 டிகிரி. பூஜ்ய டிகிரி எங்கே வருகிறது என்பதையும் கண்ட்ரோலருக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். தரை இறங்கிவிட்டோமா என்று அது முடிவுசெய்வதற்கு அந்த எண் வேண்டும். டெயில் சர்வோ, நடுநிலைச் சமிக்ஞை 1520 மைக்ரோ விநாடி நீளமுள்ள வகையாக இருக்கட்டும். 760 வகையை இந்தக் கண்ட்ரோலரில் மாட்டாதீர்கள்.

மொத்த வீச்சு 14 டிகிரி. 1600 சுற்றில் இந்த வண்டி ஏறக்குறைய 5 டிகிரியில் ஹோவர் ஆகிறது (அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது) என்று வைத்துக்கொண்டால், அது வீச்சில் 57 சதவீதம். ஸ்டெபிலைஸ் மோடின் கலெக்டிவ் வளைவுக்கு நான்கு புள்ளிகள் உண்டு. குச்சியின் 0, 40, 60, 100 சதவீத இடங்கள். அவற்றில் 0, 50, 65, 100 என்று கொடுத்தால் நடுக்குச்சியில் 57.5 வரும். ஹோவர் நடுக்குச்சியில் இருந்தால்தான் மோட் மாற்றும்போது குதிக்காது. ஹோவர் குச்சி 65-இல் இருக்கும்போது ஆல்ட் ஹோல்டுக்கு மாற்றினால், அந்தக் குச்சி நிலையைக் கண்ட்ரோலர் "ஏறு" என்றே படிக்கும். அதிர்வு எதுவும் இல்லாமலே ஏறுகிற வண்டிகளில் இதைச் சரிபாருங்கள்.

பாரோமீட்டர்

ஒரு மீட்டர் உயரத்துக்குக் காற்றழுத்தம் மாறுவது சுமார் 11 அல்லது 12 பாஸ்கல். அவ்வளவுதான். இந்தச் சின்ன எண்ணைத்தான் ரோட்டாருக்கு அடியில் உட்கார்ந்து அளக்கச் சொல்கிறோம்.

நம் வண்டியின் எடையை ரோட்டார் வட்டத்தின் பரப்பால் வகுத்தால் 31 பாஸ்கல். தரையை ஒட்டி நிற்கும்போது கீழே அமுங்கும் காற்றின் அழுத்தம் இந்த அளவுக்குள் எங்கேயும் இருக்கலாம்; உயரத்தில் சொன்னால் இரண்டரை மீட்டருக்கும் மேல். அழுத்தம் கூடினால் பாரோமீட்டர் உயரம் குறைந்ததாகச் சொல்லும். அதனால்தான் ஆல்ட் ஹோல்டிலேயே எழுப்பினால் சில வண்டிகள் துள்ளி எழுகின்றன; இறக்கும்போது தரைக்கு ஒரு மீட்டர் மேலே இறங்க மறுத்து மிதக்கின்றன. கண்ட்ரோலரைக் குறை சொல்ல முடியாது. தான் வேகமாகக் கீழே போய்விட்டதாக அதற்குத் தகவல் வருகிறது.

முன்னோக்கிப் பறப்பதில் இன்னொரு சிக்கல். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றின் முழு அழுத்தம் சுமார் 56 பாஸ்கல். கேனபியின் (வண்டியின் முன்கூட்டின்) முன் ஓட்டை வழியாக அந்தக் காற்று நேரே கண்ட்ரோலர் மேல் பட்டால் ஐந்து மீட்டர் வரை பிழை வரும். வேகமெடுத்தால் மேலே ஏறும், நிறுத்தினால் இறங்கும். காற்று வேறு விதமாகச் சுழன்று உள்ளே உறிஞ்சப்பட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆடிக் காற்றில் நின்ற இடத்திலேயே இந்த வேகம் கிடைத்துவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் வண்டி உயரத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும்.

செய்ய வேண்டியது: பாரோமீட்டர் சில்லின் (chip) மேல் திறந்த துளைகளுள்ள கறுப்பு ஃபோம், 5 மி.மீ. தடிமன், சில்லின் துளையை அழுத்தி அடைக்காமல் சும்மா மூடும்படி வையுங்கள். பல போர்டுகளில் உள்ள எம்எஸ்5611 சில்லுக்கு வெயில் நேரே பட்டாலும் அளவு மாறும். கறுப்பு ஃபோம் அதையும் தடுக்கும். பிறகு கேனபியின் முன் திறப்பைத் தடுப்பு வைத்துத் திருப்பிவிடுங்கள். இஎஸ்சிக்குக் காற்று போகட்டும், கண்ட்ரோலருக்கு வேண்டாம்.

வெப்பமும் கவனிக்க வேண்டிய ஒன்று. காரில் ஏசியில் இருந்த வண்டியை வெளியே எடுத்து உடனே பறக்கவிட்டால், சில்லு சூடேறும் முதல் சில நிமிடங்களுக்கு அளவு ஒரே பக்கமாக நகரும். மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் நிழலில் வையுங்கள். பறக்கும் முன் உயரத்தைப் பூஜ்யமாக்குவது ஆர்ம் செய்யும்போது (மோட்டார் ஓடக் கண்ட்ரோலருக்கு அனுமதி கொடுக்கும்போது) தானாக நடக்கும்.

நம் ஊரில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் அடி. இரண்டுக்கும் நடுவே சாதாரண நாளில் 3 ஹெக்டோபாஸ்கல், அதாவது 300 பாஸ்கல் அளவுக்கு மாறும். ஆறு மணி நேரத்தில் 25 மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம்! பத்து நிமிடப் பறப்பில் அரை மீட்டருக்கு மேல், ஒரு மீட்டருக்குள். காலை எட்டு மணிக்கு ஜிபிஎஸ் இல்லாமல் நிற்கும் வண்டி மெல்ல மெல்ல மேலே நகர்ந்தால், மாலை மூன்று மணிக்கு அதே வண்டி மெல்ல இறங்கினால், அதில் பழுது எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நகரும் நாட்களில் இது இன்னும் வேகமாக இருக்கும்.

லேசர் தூரமானி போட்டுக்கொள்ளலாமா என்றால், வெட்டவெளி அறுவடை வயலில் தாராளமாக. 12 மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும் சிறு லேசர்கள் சித்திரை வெயிலில் அவ்வளவு எட்டாது. 5, 6 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டிய நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் லேசர் வேண்டாம். நிற்கும் நீரில் ஒளி வேறெங்கோ தெறித்துப்போகும். எண் திடீரென்று மறையும், அல்லது தவறாக வரும். வளர்ந்த பயிர் மேல் கதிரையும் மண்ணையும் மாற்றி மாற்றிப் படிக்கும். அங்கே தரையைத் தொடரும் வசதியை அணைத்துவிட்டுப் பாரோமீட்டரோடு போவதே மேல். நெல் வயலுக்கு மருந்து தெளிக்க யமஹா 1987-இல் ஜப்பானில் ஆர்-50 ஹெலிகாப்டரை விற்கத் தொடங்கியது. பயிருக்கு மேலே ஒரே உயரத்தில் போவது அன்றைக்கே இந்தத் துறையின் மையக் கேள்வி.

காம்பஸ் பற்றி இரண்டு வரி

உயரத்துக்குக் காம்பஸ் தேவையில்லை. இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும் லாய்ட்டர் மோடுக்குத் தேவை. ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த காம்பஸை டெயில் பூமின் (வால் குழாயின்) நடுவில், மோட்டாரிலிருந்தும் பேட்டரி வயரிலிருந்தும் 20 செ.மீ.க்கு அப்பால் கட்டுங்கள். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே போவதால் டெல்டாவில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கிறது, சாய்வு சில டிகிரிதான். காம்பஸுக்கு இது நல்ல ஊர். இங்கே வண்டி வட்டமடித்தால் புலத்தைக் குறை சொல்ல முடியாது, வயரிங்கைப் பாருங்கள்.

வயலில்

சம்பா அறுவடை முடிந்த வயலெல்லாம் காலி என்று நினைத்துவிடாதீர்கள். தாளுக்கு அடியில் உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும். நிலத்துக்காரரைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. உளுந்து எடுத்த பிறகு, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரைதான் உண்மையான பறக்கும் பருவம். அப்போது களிமண் வெடித்துக் கிடக்கும். ஸ்கிட்டின் (வண்டி தரையில் நிற்கும் காலின்) நுனி வெடிப்பில் மாட்டினால் எழும்பும்போதே வண்டி சாய்ந்துவிடும். 4 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றைக் கொண்டுபோங்கள். தார்ப்பாய் வேண்டாம். ஓரம் எழும்பி டெயிலில் சிக்கும். சுற்றிலும் ஐந்து மீட்டருக்கு வைக்கோலை வாரிவிடுங்கள்.

முதல் சோதனைக்குக் காலை ஆறரை முதல் எட்டு மணி. நாகை, வேதாரண்யம் பக்கம் நண்பகல் தாண்டினால் கடற்காற்று எழுந்துவிடும். அந்தப் பக்கத்தவர்கள் உப்புக் காற்றில் பேரிங் துரு பிடிப்பதையும் கவனிக்க வேண்டும். சொரசொரத்த பேரிங் அடுத்த வாரம் அதிர்வாக வந்து நிற்கும்.

பிளேடு இல்லாமல் ஒரு திசைச் சோதனை: வண்டியைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாய்த்தால் ஸ்வாஷ்பிளேட் இடப்பக்கம் சாய வேண்டும். மூக்கைக் கீழே அழுத்தினால் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய வேண்டும். டெயிலை ஒரு பக்கம் தள்ளினால் டெயில் பிட்ச் அதை எதிர்க்க வேண்டும். ஏதாவது ஒன்று தலைகீழாக இருந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை.

பிறகு ஸ்டெபிலைஸ் மோடில் எழுப்புங்கள். தரையில் பாதிப் பாரத்தோடு தயங்கித் தயங்கி நிற்காதீர்கள். ஸ்கிட் தரையில் இருக்கும்போது சாய்வைத் திருத்த முடியாத கண்ட்ரோலர் திருத்தத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். எழும்பியதும் ஒரு பக்கம் சாயும். இரண்டு நிமிடம் ஹோவர், இறக்கம், லாக். அதிர்வு, ஆர்பிஎம், ஹோவர் கலெக்டிவ் மூன்றும் சரியென்றால் மறுபடி எழுப்பி 6 மீட்டர் உயரத்தில் ஆல்ட் ஹோல்ட் போடுங்கள். ஒரு மீட்டரில் போடாதீர்கள். அங்கே கீழ்க்காற்றின் அழுத்தமும் சேர்ந்து குழப்பும். விரல் மோட் சுவிட்ச் மேலேயே இருக்கட்டும்.

வண்டி பக்கவாட்டில் நகர்ந்தால் பதற வேண்டாம். ஆல்ட் ஹோல்ட் உயரத்தை மட்டுமே பிடிக்கும், இடத்தைப் பிடிக்காது. மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டாரில் டெயிலின் தள்ளுவிசை வண்டியை இடப்பக்கம் நகர்த்தும். நிலையாக நிற்க அது சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஹோவர் ரோல் டிரிம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது.

முப்பது விநாடி நின்ற பிறகு குச்சியை மெல்ல மேலும் கீழும். இறங்கும் வேகத்தை விநாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். இந்த வண்டியின் ரோட்டார் கீழே தள்ளும் காற்றின் வேகம் ஹோவரில் விநாடிக்கு 3.7 மீட்டர் அளவு. நேர்கீழாக இரண்டரை மீட்டர் வேகத்தை நெருங்கினால் தான் தள்ளிய காற்றிலேயே ரோட்டார் சிக்கிக்கொள்ளும். கண்ட்ரோலர் கலெக்டிவைக் கூட்டும், வண்டி இன்னும் வேகமாக விழும். அப்படி ஆனால் முன்னோக்கித் தள்ளி அந்தக் காற்றை விட்டு வெளியே வர வேண்டும்.

இவ்வளவும் முடிந்து, கலெக்டிவ் சர்வோ மட்டும் துடித்துக்கொண்டே இருந்தால், அப்போது முடுக்கத்துக்கான கெயினைக் கால் பங்கு குறையுங்கள். உயரம் சோம்பலாகத் திரும்புகிறது என்றால் வேகத்துக்கான கெயினைச் சற்றே கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஓர் எண். சாய்வுக் கட்டுப்பாட்டில் முதலில் ஃபீட் ஃபார்வர்டு (கேட்ட அசைவை நேரே சர்வோவுக்கு அனுப்பும் பங்கு), இயல்பு மதிப்பு 0.15-இல் தொடங்கி, அது பொருந்திய பிறகே மற்றவை.

இடத்தேர்வில் சட்டமும் சேரும். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை 'சிறிய' வகை; நம் 4.5 கிலோ வண்டி இதில்தான் வரும். பதிவு எண் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அதைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் பேட்டரியை மாட்டவே கூடாது.

கடைசியாக, மோட்டார் நின்றுவிட்டால். ஸ்டெபிலைஸில் பறப்பவர்கள் கை தானாகக் கலெக்டிவைக் கீழே கொண்டுபோகும். ரோட்டார் சுற்றிக்கொண்டே இறங்கும். ஆல்ட் ஹோல்டில் நடப்பது இதற்கு எதிர்மாறு. உயரம் குறைவதைப் பார்த்த கண்ட்ரோலர் கலெக்டிவைக் கூட்டுகிறது, மிச்சமிருக்கும் சுற்று வேகத்தை ஓரிரு விநாடியில் தின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே சத்தம் மாறிய அந்தக் கணத்தில் மோட் சுவிட்சை ஸ்டெபிலைஸுக்கும் குச்சியைக் கீழ்க்கோடிக்கும் ஒரே அசைவாகக் கொண்டுபோக வேண்டும். மோட் சுவிட்சை இடது கை விரல் எட்டும் இடத்தில், ஸ்டெபிலைஸ் எப்போதும் ஒரே திசைக் கோடியில் இருக்கும்படி வையுங்கள். சிமுலேட்டரில் இதையே பழகுங்கள். பிறகு பிளேடு இல்லாத வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு.